இருபது டிகிரிக் குளிர்

மாமாவின் கைப்பேசி சாப்பாட்டு மேசையில் தக்காளிச் சோஸ் போத்தலோடு சாய்ந்துகொண்டு நிற்கும். அதற்குள் மாடுகள் நிற்கும். வெம்பிளியில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி ஓடும். எங்கள் வீட்டில் வன்னியில் இருந்த ஒரு மாட்டுப் பட்டி ஓடும். ஓடும் என்பதும் சரியில்லை. மாடுகள் படுத்திருக்கும், அசைபோடும், எப்போதாவது ஒன்று எழும்பி மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கும். மாமா அதைக் கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்ப்பார். வாயில் வைத்த இடியப்பம் பாதியில் நிற்க, "சிவப்பி எழும்பீட்டாள்" என்று எங்களுக்கும் அறிவிப்பார். மாமி தலையைத் தூக்காமலே "எழும்பட்டும்" என்பார்.

அவர் அம்மாவின் அண்ணன். நான் லண்டனுக்கு வந்தபோது மாடியில் இருந்த சின்ன அறையைத் தந்தார். வாடகை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. பனி கொட்டிய காலைகளில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரின் வாசலையும் சேர்த்து வழித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் வராது.

மாமாவின் வேலை உறைகுளிர்க் கிடங்கில். எல்லாரும் அதைக் கோல்ட் ஸ்டோர் என்போம். உறைந்த மீனும் கோழியும் பட்டாணியும் கூரை வரை அடுக்கியிருக்கும் ஒரு பெரிய மண்டபம். உள்ளே மைனஸ் இருபதுக்குக் கீழே. பஞ்சு அடைத்த சட்டை, இரண்டு சோடி கையுறை, முழங்கால் வரை சப்பாத்து போட்டுக்கொண்டு எட்டு மணித்தியாலம் நிற்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் நின்றார். விரல் நுனிகள் செத்துப்போய், சுடுதேநீர்க் கோப்பையைக் கைப்பிடி இல்லாமல் பிடிப்பார். புதிதாகச் சேரும் பெடியன்கள் ஒரு கிழமையில் ஓடிவிடுவார்கள் என்பதில் அவருக்குச் சொல்லி மாளாத பெருமை. "குளிர் எண்டால் என்னெண்டு என்னட்டைக் கேள்" என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார். நான் வீட்டுக்குள் கம்பளிச் சட்டையோடு திரிந்தால், "உனக்கு இது குளிரோ?" என்று ஒரு சிரிப்பு. குளிர் என்பது அவர் மட்டும் படித்துப் பட்டம் வாங்கிய ஒரு பாடம் என்பதுபோல இருக்கும் அந்தச் சிரிப்பு.

அந்தக் குளிரில் நின்று சேர்த்த காசில்தான் வன்னியில் காணி வாங்கினார், பட்டி வைத்தார், பட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மாடி வீடு கட்டினார். வீட்டைக் கட்டி முடித்தாயிற்று, ஆனால் குடிபூரவில்லை. கிரகப்பிரவேசத்தை நாங்கள் குடிபூரல் என்போம். அது வருகிற தையில் என்று நாள் வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் ஒரு குருவிகூட உள்ளே காலடி வைக்கக் கூடாது. கூடம் முழுக்கப் பளபளவென்று வெள்ளை மார்பிள் தரை ஓடு. கொழும்பிலிருந்து லொறியில் வந்தது. அதைக் காவல் காக்கக் கூடத்து மூலையில் ஒரு கமரா. பட்டியில் ஒரு கம்பத்தில் இன்னொன்று, வெயிலில் சார்ஜ் ஏறுவது. இரண்டையும் அவருடைய கைப்பேசியில் இணைத்துக் கொடுத்தது நான். எனக்கு அலுவலகத்தில் இடைவேளை கிடைத்தால் பார்க்கட்டும் என்று என்னுடையதிலும் போடச் சொன்னார்.

பட்டிக் கமராவில் பேசவும் முடியும். பொத்தானை அழுத்திக்கொண்டு இங்கே வெம்பிளிக் குசினியில் நின்று ஏதாவது சொன்னால், அங்கே கம்பத்திலிருந்து மாமாவின் குரல் வரும். மாடுகளுக்கு அது பழகிவிட்டது. "என்னடி வெள்ளச்சி" என்று கம்பம் கேட்கும். வெள்ளச்சி காதை அசைத்துத் தலையைத் தூக்கும். மாமாவின் முகம் அப்போது போகும் போக்கைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் வீட்டில், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பசு அவருக்குத் தலை தூக்கியது.

அந்தக் குரல் மாடுகளிடம் மட்டும் பேசவில்லை. "பிள்ளை, அந்த வாளியை நிழலிலை வை", "பிள்ளை, வேலியிலை ஒரு கம்பி தளர்ந்து கிடக்கு" என்று நாள் முழுக்க ஏதாவது சொல்லும். பிள்ளை என்று அவர் கூப்பிட்டது பட்டியைப் பார்த்துக்கொண்ட ஊர்க்கார அக்காவை. போரில் கணவனை இழந்தவர். பட்டிக்கு அருகே தகரக் கொட்டிலில் தனியாக இருந்தார். பூட்டிய வீட்டின் திறப்பும், அதாவது சாவியும், அவரிடம்தான் இருந்தது. அவருக்குச் சம்பளம் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வாரத்துக்கு விட்ட மாடுகள்: ஈனும் கன்றுகளில் ஒன்று உடையவருக்கு, அடுத்தது பார்ப்பவருக்கு. அப்படி வருடக்கணக்காகப் பார்த்ததில் அக்காவின் பங்குக் கன்றுகளும் வளர்ந்து பசுக்களாகி, மாமாவின் மாடுகளோடு ஒரே பட்டியில் நின்றன. தையில் குடிபூரல் முடிந்ததும் பங்கைப் பிரித்துக் கொடுப்பதாகப் பேச்சு. தன் தகப்பன் விட்டுப்போன துண்டுக் காணியில் அக்கா ஏற்கனவே வேலி போட்டு வைத்திருந்தார். ஒருநாள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து அந்த வேலியை எனக்குக் காட்டினார். "இனி ஒரு கம்பமும் என்னோடை கதைக்காது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த டிசம்பரில் வங்காள விரிகுடாவில் புயல் கிளம்பியது. அங்கே புயல் புதிதல்ல. மழைக்கும் வெள்ளத்துக்கும் மாடுகளும் பழகியவைதான். ஆனால் இந்த முறை மழையோடு ஒரு காற்று வந்தது. நாள் கணக்கில் விடாமல், ஒரே பக்கத்திலிருந்து, ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்ததுபோல. மேய்ச்சல் தரை தண்ணீருக்குள் போய்விட்டதால் மாடுகள் வயிறு ஒட்டிப்போயிருந்தன. வன்னிப் பட்டிக்குக் கூரை கிடையாது. சுற்றிவர வேலி, மேலே வானம். கமராவில் பார்த்தால் எல்லா மாடுகளும் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, முழங்கால் சேற்றில் நின்றன. அசைபோடவில்லை. அதை முதலில் கவனித்தது மாமிதான். "என்னப்பா, ஒண்டும் வாயை ஆட்டேல்லை" என்றார்.

லண்டனிலும் அன்று கடுங்குளிர். கார்க் கண்ணாடியில் பனி உறைந்திருக்க, குழாயில் தண்ணீர் கட்டியாகிவிட்டதென்று பக்கத்து வீட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணியிருக்கும், அங்கே பின்னேரம். அக்கா மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். படத்தில் அவர் தலையில் உரப்பை ஒன்றை மடித்துப் போட்டிருந்தார். உதடு ஒரு நிலையில் நிற்கவில்லை.

"அண்ணை, மாடுகள் நடுங்குது. ரெண்டு கண்டுக்குட்டி விழுந்திட்டுது. பக்கத்துப் பட்டியிலை செத்தே போச்சுதாம்."

"குளிருக்கோ?" என்று மாமா கேட்டார். கைப்பேசியிலேயே அந்த ஊர் வானிலையைத் தட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "இருபது டிகிரி காட்டுது, பிள்ளை. இருபது. இஞ்சை இருபது அடிச்சால் சனம் சட்டையைக் கழட்டிப்போட்டுப் பார்க்கிலை படுத்திருக்கும். நான் மைனஸ் இருபதிலை நிக்கிறன்."

"எனக்கு உந்தக் கணக்குத் தெரியாது அண்ணை. இருட்டினால் தாங்காதுகள். வீட்டுத் திறப்பு என்னட்டைக் கிடக்கு. கூடத்துக்குள்ளை விடட்டோ? இண்டைக்கு ஒரு இரவு. நான் கழுவி விடுறன்."

மாமா கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அக்காவை நன்றாகப் பார்த்தார்.

"குடிபூராத வீடு. அதுக்குள்ளை மாட்டை விட்டுச் சாணியும் மூத்திரமுமாக்கிறதோ? அந்த மார்பிள் என்னெண்டு தெரியுமோ உனக்கு?"

நான் குறுக்கே விழுந்தேன். "மாமா, தரையைக் கழுவலாம். விடச் சொல்லுங்கோ" என்றேன். "நீ சும்மா இரு. மாடு மழைக்குக் குடை பிடிக்கிறதை எங்கையாவது கண்டனியோ?" என்றார். பிறகு கைப்பேசியிடம், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், ஒரு சொல் சொன்னார். உயர்த்தியிருந்தால் கோபம் என்று மறந்திருக்கலாம்.

"வடிவாய்க் கேள், பிள்ளை. நான் சொல்லாமல் அந்தக் கதவு திறந்தால், தையிலை பங்குக் கதை எண்டு என்னட்டை வராதை."

அக்கா "ஓம் அண்ணை" என்றார்.

எங்களுக்கு மத்தியானம் ஆனபோது அங்கே இருட்டியது. பட்டிக் கமரா நாள் கணக்கில் வெயில் காணவில்லை. சார்ஜ் இறங்கிப் படம் போய்விட்டது. மாமா பஞ்சுச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி ஷிப்டுக்குப் போனார். கிடங்குக்குள் கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்து மணிக்குத்தான் வெளியே வருவார். இது எங்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

நாலு மணிக்குப் பிறகு மாமியின் தொலைபேசி அடித்தது. படம் இல்லை, குரல் மட்டும். பின்னால் காற்று இரைந்த இரைச்சலில் பாதிதான் கேட்டது. மாமாவுக்கு எடுத்து எடுத்துப் பார்த்ததாகவும், பதில் இல்லையென்றும், வெள்ளச்சி முழங்கால் மடிந்து விழுந்துவிட்டதாகவும், விழுந்ததை எழுப்பத் தன்னால் ஏலாதென்றும் அக்கா சொன்னார். "அண்ணி, நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கோ. திறக்கிறன்." மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவரைக் கேளாமல் நான் எப்படிச் சொல்லுறது? பிறகு என்னைத்தான் தின்னுவார்" என்றார். அதைச் சொல்லும்போது மாமிக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்ததால் ஒரு பயனும் இல்லை. நான் தொலைபேசியைப் பறித்தேன்.

"அக்கா, திறவுங்கோ. நான் சொல்லுறன். மாமா வந்தால் நான் கதைக்கிறன்."

அக்கா சொன்னார்: "நீங்கள் சொன்னால் காணாது தங்கச்சி. அண்ணை சொல்லோணும்."

கிடங்குக்குத் தொலைபேசி எடுத்தேன். அவசரமா, யாருக்கும் உயிருக்கு ஆபத்தா என்று ஒரு பெண் கேட்டாள். மாடுகள் என்றேன். எங்கே என்றாள். இலங்கையில் என்றேன். மிகவும் மரியாதையாக, ஷிப்ட் முடிந்ததும் சொல்வதாகச் சொன்னாள். திரும்ப அக்காவுக்கு எடுத்தால் தொலைபேசி வேலை செய்யவில்லை. அங்கே மின்சாரம் போய் இரண்டு நாளாகியிருந்தது; கடைசிச் சார்ஜை எங்களிடம் கேட்டே முடித்திருந்தார். பத்து மணிக்கு மாமா வெளியே வந்து எடுத்தபோதும் அது வேலை செய்யவில்லை.

நான் அக்காவின் அந்த இரவைப் பலமுறை யோசித்திருக்கிறேன். திறப்பு இடுப்பில் இருக்கிறது. கதவு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. திறந்தால் மாடுகள் பிழைக்கும், பங்கு போய்விடும். பிழைத்ததெல்லாம் மாமாவின் மாடுகள் ஆகிவிடும். திறக்காவிட்டால் பங்கு இருக்கும், மாடு இருக்காது. ஒரு மனிசியை இப்படி ஒரு வாசலில் நிற்க வைப்பதற்கு மாமாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதைச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார்.

மறுநாள் காலை நாங்கள் எழும்பியபோது அங்கே நடுமத்தியானம். வெயில் எட்டிப் பார்த்துக் கமராவுக்கு உயிர் வந்திருந்தது. மாமா கைப்பேசியைப் போத்தலோடு சாய்த்து வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். பட்டி முழுக்க மாடுகள் கிடந்தன. சேற்றில் பக்கவாட்டில், கால்கள் விறைத்து நீட்டியபடி, சில ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி. தூரத்தில் பார்த்தால் வழக்கமாகப் படுத்திருப்பது போலவேதான் இருந்தது. மாமா பொத்தானை அழுத்தினார்.

"வெள்ளச்சி" என்றார். "சிவப்பி. எழும்பு."

அவர் குரல் கம்பத்திலிருந்து கிளம்பி, அங்கேயிருந்த காற்றில் பட்டுத் திரும்பி எங்கள் குசினிக்குள் வந்தது. ஒரு காதும் அசையவில்லை. காகம் ஒன்றுதான் பயந்து எழும்பி, கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு மாட்டின்மேல் இறங்கியது. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனார். மாமி "போதும் அப்பா" என்று சொல்லியும் நிற்பாட்டவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தின்மேல் எரிச்சலும் வந்தது.

பின்னேரம் யாரோ ஒருவருடைய தொலைபேசியில் அக்கா பேசினார். எல்லாம் போய்விட்டது. இரவில் ஈன்றிருந்த ஒரு கன்றைத் தூக்கித் தன் கொட்டிலுக்குள் கொண்டுபோயிருக்கிறார். கன்றின் பின்னால் தாய் வந்துவிட்டது. அந்தத் தாயும் கன்றும் மட்டும் மிச்சம். மற்றவற்றில் எதையும் தூக்க முடியவில்லை, எதுவும் பின்னால் வரவில்லை.

"எந்தப் பசு?" என்று மாமா கேட்டார்.

அக்கா சொன்னார். அது அக்காவின் பங்கில் வளர்ந்த பசு.

மாமா என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தொலைந்த பொருள் கிடைத்ததுபோல. "பாத்தியோ" என்று எங்களிடம் திரும்பிச் சொன்னார். "தன்ரையை உள்ளை இழுத்துப்போட்டு என்ரையை வெளியிலை விட்டிருக்கிறாள்." அன்றிலிருந்து அதுதான் நடந்த கதை. கடையில் சந்திப்பவர்களுக்கும், ஈலிங் அம்மன் கோயிலில் காண்பவர்களுக்கும், ஈஸ்ட் ஹாமிலிருந்து துக்கம் கேட்பதுபோல் வந்த சொந்தக்காரருக்கும் அதைத்தான் சொன்னார். இருபது டிகிரியில் மாடு சாகுமா என்று அவர் கேட்க, லண்டன் குளிரில் நின்றவர்கள் எல்லாரும் சாகாது என்று தலையாட்டினார்கள்.

மாமா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கோல்ட் ஸ்டோர் விரல்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பொத்தானை மாமிதான் பூட்டிவிட வேண்டும். வருடத்தில் ஒரு மாதம் அந்த வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வருகிறார்கள். மிச்ச மாதங்கள் அது பூட்டியே கிடக்கிறது. நான் ஹரோவில் வேறு வீட்டில் இருக்கிறேன். பார்க்கப் போனால் வாசல் வரை வந்து, பின்னால் மறந்துவிட்டதென்று ஒரு போத்தல் ஊறுகாயோடு கார் வரைக்கும் ஓடிவருவார். அப்படிப்பட்ட மனிதர். ஊறுகாயை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கும்போது அந்தக் குடிபூரல் நாள்தான் எனக்கு முன்னால் வருகிறது.

தை பிறந்ததும் மாமாவும் மாமியும் போய் இறங்கினார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. என் கைப்பேசியில் கூடத்துக் கமராவைத் திறந்துவைத்துக்கொண்டு வெம்பிளிக் குசினியிலிருந்து பார்த்தேன். குடிபூரும் வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் காலடி வைக்க வேண்டும். ஐயர் கேட்டபோதுதான் மாமாவுக்கு அது நினைவுக்கு வந்திருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பட்டிகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. கன்றோடு நின்ற பசு ஒன்றே ஒன்றுதான். தங்கள் வீட்டில் காலடி வைக்கத் தகுந்த மாடு அது என்று சொல்லி, அதைக் கேட்டு மாமா அக்காவிடம் ஆள் அனுப்பினார். அக்கா கொண்டுவந்தார். பிறகு கேட்டதற்கு, "நல்ல காரியத்துக்குக் கேட்டால் எப்படி இல்லையெண்டுறது" என்றார்.

பசுவைக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை போட்டிருந்தது. வாசலில் மாமியின் தங்கை கயிற்றை அக்காவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கணவன் இல்லாதவர் முன்னுக்கு வரக் கூடாதல்லவா. அக்கா படிக்குக் கீழே, கதவுக்கு ஒதுங்கி நின்றார்; சேலைத் தலைப்பு மட்டும் கமராவில் தெரிந்தது. பசுவுக்கு அந்த வழுவழுப்பான தரை பிடிக்கவில்லை. காலை வைத்து வைத்து எடுத்தது. கன்றை முன்னால் தள்ளிவிட்டதும் பின்னால் வந்துவிட்டது.

கூடத்தின் நடுவில் வந்து நின்று, வாலைத் தூக்கி, அந்த வெள்ளைத் தரையில் தாராளமாகச் சாணம் போட்டது.

எல்லாரும் கை தட்டினார்கள். இதைவிட நல்ல சகுனம் கிடையாதென்றார் ஐயர். "லட்சுமி வந்திட்டாள்" என்று மாமா பட்டு வேட்டியோடு சுற்றிச் சுற்றி வந்து எல்லாரிடமும் சொன்னார். யாரோ கைப்பேசியில் சாணத்தைப் படம் எடுத்தார்கள்.

கூடத்துக் கமராவிலும் பேசலாம். நான் பொத்தானை அழுத்தினேன்.

"மாமா, இப்ப மார்பிள் பழுதாகாதோ?"

என் குரல் அவர்கள் தலைக்கு மேலே ஒலித்திருக்க வேண்டும். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "என்ரை மருமகள். லண்டனிலை இருந்து பகிடி விடுறாள்" என்றார். கூடமே சிரித்தது. சிலர் எனக்குக் கை காட்டினார்கள்.

பசுவை வெளியே கொண்டுபோனபின் மாமா வாசல் பக்கம் போனார். "பிள்ளை, உள்ளை வா. உந்தச் சாணியை ஒருக்கால் அள்ளிவிடு. சனம் மிதிக்கப்போகுது."

அக்கா அந்த வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வாளியோடும் துணியோடும் சுவரோரமாக வந்தார். குந்தியிருந்து சாணத்தைக் கையால் அள்ளி வாளியில் போட்டார். தண்ணீர் தெளித்தார். துணியால் ஒருமுறை துடைத்து, துணியைப் பிழிந்து, இன்னொரு முறை துடைத்தார். அவ்வளவுதான். எழும்பி, ஒருவரையும் பார்க்காமல் பின்கதவால் போனார். மாமா வந்து அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். தரையில் ஒரு அடையாளமும் இல்லை. ஈரம் காய்ந்ததும் அதன்மேல் பாயை விரித்து, வந்தவர்களைச் சாப்பிட இருக்கச் சொன்னார்.